நேற்றுக் கழுவிய பீக்கர்

"அக்கா, நேத்து இந்த பீக்கரை எந்தத் தண்ணியில கழுவுனீங்க?"

ஆராய்ச்சி மாணவி எழில்மதியின் குரல் படபடத்தது. ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் மலர்கொடி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"டிஸ்டில்டு வாட்டர்லதாம்மா."

"பொய் சொல்லாதீங்க. இன்னிக்கு நானே அதுல கழுவிப் பார்த்தேன். நேத்து நடந்தது நடக்கல."

மலர்கொடி கான்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த வாரம் கான்ட்ராக்ட் முடிகிறது.

"கேன் காலியா இருந்துச்சும்மா. பின்னால போர் குழாயில அலசிட்டேன். வாளியே செவந்துபோற தண்ணி அது. தெரிஞ்சேதான் செஞ்சேன், மன்னிச்சுடுங்க."

எழில்மதி பேனாவை எடுத்தாள். "உங்க பேரை இனிஷியலோட சொல்லுங்க."

"சூப்பர்வைசருக்கு எழுதிடாதீங்கம்மா! வூட்ல நான் ஒருத்திதான் சம்பாதிச்சிகினு இருக்கேன்."

"அவருக்கு எதுக்கு? என் ஆராய்ச்சிக் கட்டுரையில உங்களுக்கு நன்றி சொல்றதுக்குத்தான் அக்கா!" எழில்மதி அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "தண்ணியைப் பிரிச்சு ஆக்சிஜன் எடுக்க ஒரு வருஷமா வெறும் நிக்கலோட போராடுறேன். நாலு குமிழிக்கு மேல வரல. நேத்து பீக்கர் முழுக்கப் பொங்குச்சு! உங்க தண்ணியில இருந்த இரும்பு, நிக்கலோட கொத்துக்கொத்தா சேர்ந்திருக்கு. தனியா முடியாத வேலையை ரெண்டும் கூடிச் செஞ்சிருக்கு!"

மலர்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கே. மலர்கொடி, எழுதிக்குங்க" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "மந்தாரக்குப்பத்துல எங்க தெருக் குழாயில இன்னும் செவப்பா வரும்மா. நாளைக்கு ஒரு கேன் புடிச்சிகினு வரட்டா?"