மெஹராஜ் பேகத்தின் தம்பி

பேத்திக்கு எது வந்தாலும் மெஹராஜ் பேகத்திடம் ஒரே பதில்தான்.

"உங்க வீட்டு ரத்தம்!"

சளி பிடித்தால் மருமகள் சபிஹா வீட்டு ரத்தம். சோறு இறங்கவில்லையா, அதுவும் அந்த ரத்தம். ஸ்கூலில் முதல் மார்க் வாங்கினால் மட்டும், "எங்க வழி."

அப்படிப்பட்டவர் காதிலா டாக்டரின் பேச்சு போய் விழ வேண்டும்?

பேத்தி அஃப்ரீனுக்கு ரத்தப் புற்றுநோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலையில் வந்த டாக்டர், "குழந்தையோட ரத்தத்துல ஜீன் மாறியிருக்கும்மா. ரிப்போர்ட் முழுசா வரட்டும், நாளைக்கு விவரமாப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"ஜீன்னா என்னங்க?" மெஹராஜ் பேகம் பக்கத்துக் கட்டில்காரம்மாவைக் கேட்டார்.

"பரம்பரையா வர்றதுங்க. பாட்டன் மூக்கு பேரனுக்கு வருதுல்ல, அதான்."

மெஹராஜ் பேகம் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். புர்காவை மாட்டிக்கொண்டு சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

திட்டியிருந்தால்கூட சபிஹாவுக்குத் தேவலை.

மறுநாள் அவள் தம்பி அஸார் மூச்சிரைக்க வந்தான்.

"ராத்தா, உன் மாமி ஹாஜா மைதீன் வீட்டுக்குப் போயிருக்காங்க!"

சபிஹா கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள். ஹாஜா மைதீன் மகனுக்குத்தான் அவள் தங்கை ரிஸ்வானாவைப் பேசி முடித்திருந்தது. அடுத்த மாசம் நிக்காஹ்.

"என்ன சொன்னாங்களாம்?"

"யாருக்குத் தெரியும்? 'பரம்பரை நோய்'னு தெரு பூரா பேச்சு. உள்ள நுழைஞ்சவங்க பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் வெளியவே வரலையாம். அவ்வளவு நேரமும் நம்ம ரத்தத்தைத்தான் துவைச்சுப் பிழிஞ்சிருப்பாங்க!"

ரிஸ்வானா முகம் கண்ணுக்குள் வந்தது. சபிஹா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார்.

"நல்ல சேதிம்மா. என்ன மாத்தம்னு தெரிஞ்சிடுச்சு."

சபிஹாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டு நல்ல சேதி என்கிறாரே!

"எங்க வீட்டு ரத்தமா டாக்டர்? இல்ல, புள்ளையோட வாப்பா வீட்டு ரத்தமா?"

"ரெண்டும் இல்லம்மா. விதைநெல்லு நல்லாத்தான் இருந்துச்சு. வளர்ற வயல்ல ஒரு பயிர் தானாத் தடம் மாறிடுச்சு. அது பெருகி மத்ததை அமுக்குது. முன்னெல்லாம் இந்த மாத்தம்னா நாங்களே பயப்படுவோம். இப்ப இதுக்குன்னே மாத்திரை வந்திருக்கு. மத்த மருந்தோட சேத்துக் குடுப்போம். தைரியமா இருங்க."

டாக்டர் போனதும் அஸார் குதித்தான்.

"கேட்டியா ராத்தா? பரம்பரையே இல்லையாம்! இல்லாத பழியை நம்ம தலையில போட்டுட்டு வந்திருக்காங்க. வரட்டும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்குறேன்."

சபிஹாவின் செல்போன் அடித்தது. ரியாத்திலிருந்து அவள் கணவன் ஜாஃபர் சாதிக். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சபிஹா, ஹாஜா மைதீன் பாய் பேசுனாரு. நிக்காஹ் சொன்ன தேதியில நடக்குமாம்."

"நெசமாவா? மாமி அங்க போயி..."

"அவங்க போனதாலதான். நோயைக் கேள்விப்பட்டு அந்த வீட்டுல ஏற்கெனவே பின்வாங்கிக்கிட்டு இருந்திருக்காங்க. உம்மா போயி, 'இது எங்க வழி ரத்தம். என் கூடப்பிறந்த தம்பி சின்ன வயசுல இதே நோய் வந்துதான் மவுத்தானான். என் மருமக வீட்டு ரத்தம் தங்கம்'னு சொல்லியிருக்காங்க."

அஸார் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சபிஹா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"உங்களுக்கு அப்படி ஒரு தாய்மாமா இருந்ததை நீங்க சொன்னதே இல்லையே?"



"எனக்கு ஏது தாய்மாமா? உம்மா ஒத்தைப் பொண்ணாச்சே, சபிஹா."