கன்னியாத் தண்ணீர்

சித்திரையில் யப்பான்காரன் போட்ட குண்டில், கப்பலில் கூலிவேலைக்குப் போயிருந்த தம்பிராசாவின் மகன் குடாக்கடலோடு போய்விட்டான். உடல் கரை சேரவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டிச் சடங்கை முடித்தார்கள். தாய் நல்லம்மா மட்டும் குளிக்காமல், அந்த வெந்நீரை ஒரு செம்பில் அள்ளிக்கொண்டு வந்து கணவரிடம் நீட்டினாள்.

“இஞ்சேருங்கோ, இதை அவன் போன இடத்தில ஊத்திவிடுங்கோ. பிள்ளை குளிருக்குள்ள கிடக்கிறான்.”

தம்பிராசாவுக்குக் கடற்படைப் படகில் வேலை. வெப்பமானி பூட்டிய பித்தளைக் குப்பியைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்கி ஏற்றுவார். மேல்தண்ணீரின் சூட்டைக் காற்றும் அலையும் எவ்வளவு ஆழம்வரை கலக்கின்றன என்று படகிலிருந்த வெள்ளைக்காரத் துரை அதை வைத்து அளப்பார். அதற்குக் கீழே எப்போதும் குளிர்தான்.

மறுநாள் மகன் போன இடத்தில் படகு நின்றபோது, ஆறிப்போயிருந்த செம்புத் தண்ணீரைத் தம்பிராசா ஊற்றினார். பிறகு குப்பியை இறக்கினார். அடியிலிருந்து ஏறி வந்த குப்பி கையைச் சுட்டது. துரை வெப்பமானியை மாற்றிக் கொடுத்தார். அதுவும் அதே சூட்டைக் காட்டியது.

அதைக் கேட்ட அன்றைக்குத்தான் நல்லம்மா வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு தினமும் கேட்டாள். சூடு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஆடி முடிவில் ஒருநாள் குப்பி பழையபடி குளிர்ந்து வந்தது.

“இண்டைக்கும் சூடோ?”

“ஓம், சூடுதான்.”

நல்லம்மா அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். கை சில்லென்றிருந்தது. எழும்பிப் போய், கன்னியாத் தண்ணீர் கொண்டுவந்த செம்பைத் துலக்கத் தொடங்கினாள்.