விடுபட்ட இரண்டெழுத்து

"ஒரு எழுத்தை விட்டிருந்தால் அவசரம் எண்டு நினைக்கலாம். அம்மா ரெண்டு எழுத்தை விட்டிருக்கிறா. இது மறதி வருத்தம்தான்" என்றான் வினோதன்.

ஆறு நாளாகப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கடதாசியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். மனைவி நிலாணிக்கு அது மனப்பாடம்.

'பிராக் பார்க்கப் போகிறேன். வியாழக்கிழமை வருவேன். மோர்மிளகாய் மேல்தட்டில் இருக்கிறது.'

"பிராக்குப் பார்க்க எண்டெல்லோ வரவேணும். 'கு'வும் இல்லை, 'ப்'பும் இல்லை."

மாமி இராஜேஸ்வரி ஸ்காபரோவில் வெளிவரும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவர். நகைக்கடை விளம்பரத்தில்கூடச் சிவப்புப் பேனாவால் ஒற்றுப் போட்டுத்தான் திருப்பி அனுப்புவார். அந்தக் கைக்கு என்ன நடந்தது? போன வெள்ளிக்கிழமை இருவரும் வேலையால் வந்தபோது மாமி இல்லை, அவருடைய தோல் பையும் இல்லை. பிராக்குப் பார்ப்பதற்கு, வேலைவெட்டி இல்லாமல் தெருவை வேடிக்கை பார்ப்பதற்கு, ஒரு மனுசிக்கு ஆறு நாள் எதற்கு?

சனிக்கிழமை வந்த பொலிஸ்காரரும் ஏறக்குறைய அதைத்தான் கேட்டார். வினோதன் கடதாசியை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினான்.

"சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாவா? எதைப் பார்க்க?"

"ஒன்றையும் இல்லை. சும்மா பார்ப்பது."

"எந்த இடத்தில்?"

"அதற்கு இடம் தேவையில்லை, சேர்."

பொலிஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வியாழன் என்று எழுதியிருப்பதால் வியாழன்வரை பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வியாழன். பின்னேரம் ஐந்து மணி.

"வேரோனிக்கா எண்டு ஒரு சிநேகிதியைப் பற்றிச் சொல்லுவாவெல்லே" என்றான் வினோதன். "விசாரிச்சனீரே?"

"லைப்ரரி இங்கிலீஷ் வகுப்பிலை பக்கத்துக் கதிரை எண்டு சொன்னவா. பாசையூர்க் கிறிஸ்தவ ஆக்களிட்டைக் கேட்டன், சேர்ச்சுக்குப் போற ஆக்களிட்டைக் கேட்டன். அப்பிடி ஒரு வேரோனிக்காவை ஒருத்தருக்கும் தெரியேல்லை."

"பாத்தீரே. இல்லாத ஆளோடை கதைச்சிருக்கிறா."

திங்கட்கிழமைக்கு அவன் மறதி டொக்டரிடம் நேரம் எடுத்திருந்தான். அதற்கான படிவம் கடதாசிக்குப் பக்கத்தில் கிடந்தது. 'சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா?' வினோதன் பேனாவை எடுத்தான்.

"ஒரு மாசமா உதைத்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சவா, பிராக்குப் பாக்கப் போறன் எண்டு. நான் ஓமம்மா, போட்டு வாங்கோ எண்டு விட்டிட்டன்."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான்" என்றாள் நிலாணி.

அவள் சொல்லாதது வேறொன்று. போன மாதம் கத்தரிக்காய்க் குழம்பு அடிப்பிடித்த நாள். மாமி ஜன்னலோரம் லைப்ரரிப் படப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்து, ஏதோ பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிசிசாகா வேலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு நிலாணிக்கு. "பிராக்குப் பாக்காமல் அடுப்பைப் பாருங்கோ மாமி" என்று சத்தம் போட்டுவிட்டாள். மாமி திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் ஆறு நாளாகப் படிக்க முடியவில்லை. கோபமா, அவமானமா? தான் எறிந்த சொல்லையே எழுதி வைத்துவிட்டுப் போவதென்றால் அது பதில்தானே? அப்படியென்றால் எழுத்தை ஏன் விடவேண்டும்? ஒரு பக்கம் யோசித்தால் மாமிக்கு மறதி வருத்தம். மறுபக்கம் யோசித்தால் குற்றம் தன்னுடையது. இரண்டில் எதை வேண்டுவதென்றே தெரியாமல் நின்றாள்.

வினோதன் 'ஓம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தான்.

"பொறுங்கோ, அடையாளம் போடாதேங்கோ" என்றாள். "அவவுக்கு வருத்தமில்லை. நான்தான் ஒருநாள் அவவை ஏசினனான். அந்தக் கோவத்திலைதான் போயிருக்கிறா."

அவன் வாய் திறக்குமுன் வாசலில் கார் வந்து நின்றது.

மாமி இறங்கினார். காரை ஓட்டி வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி அவரைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போனாள்.

"ஆரம்மா அது?"

"வேரோனிக்காவடா. தேத்தண்ணி ஒண்டு போடு பிள்ளை, கால் ரெண்டும் கழண்டுபோச்சு."

நிலாணி தண்ணீரை அடுப்பில் வைத்தாள். வினோதன் கடதாசியைத் தாயின் முன் தள்ளி, குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, இதிலை என்னவும் விடுபட்டிருக்கோ? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

மாமி கண்ணாடியைப் போட்டார். கனநேரம் பார்த்தார்.

"ஓம், விடுபட்டுத்தான் இருக்கு" என்றார்.

வினோதன் நிலாணியைப் பார்த்தான். மாமி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் சொல்லுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, மேலே ஒரு சொல்லைச் சேர்த்தார்: 'நகரம்'.

பிறகு ஒரு தபாலட்டையை எடுத்து அந்தப் படிவத்தின் மேல் வைத்தார். ஆறு, கோபுரங்கள், இரு பக்கமும் சிலைகள் நிற்கும் பழைய கல் பாலம். நிலாணிக்கு அந்தப் பாலத்தைத் தெரிந்திருந்தது.

"வேரோனிக்கா பிறந்த ஊர், ஐரோப்பாவிலை. ஒரு மாசமாச் சொன்னனான், பிராக் பாக்கப் போறன் எண்டு" என்றார் மாமி. "நீங்கள் ரெண்டு பேரும்தான் பிராக்குப் பாத்துக்கொண்டு இருந்திட்டியள்."