கழிவறைக் கைப்பிடி

“எங்க, நக்கிக் காட்டுங்க தம்பி!”

மருத்துவமனை மேனேஜர் இப்படிச் சொன்னதும், கிருமி கொல்லும் பூச்சு விற்க வந்த ரெப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எதை சார்?”

“இப்போ பூசினீங்களே, இந்தக் கைப்பிடியைத்தான். எந்தக் கிருமி வந்தாலும் செத்துடும்னு அரை மணி நேரமா அளந்தீங்களே?”

“சாகும் சார். அதுக்காக நாக்கை வச்சு...”

மாதிரிக்குப் பூசிக் காட்ட வேறு கதவே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு? நோயாளிகள் நெளிந்துகொண்டு வரிசையில் நிற்கும் பொதுக் கழிவறைதானா கிடைத்தது?

“உங்க ரூம் கதவுல வேணா பூசிக் காட்டட்டுமா சார்?”

“அங்க என்ன கிருமி இருக்கப் போகுது? இங்க ஜெயிச்சாத்தான் கணக்கு. மூணு மாடி தம்பி. எத்தனை கதவுன்னு நீங்களே பாத்துக்குங்க.”

மூன்று மாடி என்றதும் ரெப்பின் வாயில் எச்சில் ஊறியது. கைப்பிடியைப் பார்த்ததும் வற்றியது. ஆனால் இந்த மாதமும் ஆர்டர் பிடிக்காவிட்டால் வேலை காலி. அப்புறம் மாமனாரின் செருப்புக் கடையில் குத்தவைத்து, வருகிறவன் போகிறவன் காலையெல்லாம் பிடிக்க வேண்டும். அதுவும் மச்சான் மேற்பார்வையில்! அதற்கு இந்தக் கைப்பிடியே தேவலை.

“இன்னொரு கோட் அடிச்சுக்கறேன் சார்.”

“தாராளமா!”

பயத்தில் ஒன்றுக்கு இரண்டாக அடித்தான். ஊதி ஊதி உலர்த்தினான். இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை நீட்டினான்.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் பதறிப்போனார். “யோவ், எனக்கும்தான் அவசரம். அதுக்காகக் கதவையா கடிப்பாங்க?”

மேனேஜர் ரெப்பின் முதுகில் தட்டினார். “பிரமாதம் தம்பி! கிளம்புங்க, போன் பண்றேன்.”

ரெப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசல் வரை போனவனுக்கு, பிரஷ்ஷை விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. எடுக்கத் திரும்பியபோது, திறந்திருந்த அறையிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் முடிஞ்சுது டாக்டர், பைசா செலவில்லை! கதவுக்கு ஒரு கம்பெனின்னு மூணு மாடியையும் சாம்பிள்லயே பூசியாச்சு. நக்கச் சொன்னா அவங்களே கூடுதலா ரெண்டு கோட் அடிச்சுடறாங்க. இந்தக் கழிவறைக்குத்தான் இத்தனை நாளா ஒருத்தனும் சிக்காம இருந்துச்சு!”