போற மாதிரி போவாரு

“இருபதா? இந்தச் செடிக்கா?”

பொத்தான் கடைக்காரர் கேட்ட தோரணையில், அந்தத் தக்காளி நாற்றே கொஞ்சம் கூனிக் குறுகியது.

தொடக்கப்பள்ளியில் இளவேனில் விழா. குளிர் விட்டு, திடலோரத்து மரமெல்லாம் துளிர்விட்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே விதை போட்டு வளர்த்த நாற்றுகளை மேசைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு விற்க உட்கார்ந்திருந்தார்கள். வருகிற காசு ஊஞ்சலின் புதுச் சங்கிலிக்கு.

ஒரே ஒரு விதி. தங்கள் பிள்ளையின் செடியைப் பெற்றோர் வாங்கக் கூடாது.

அதைப் படித்தபோதே பொத்தான் கடைக்காரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. காரணம், மகள். வீட்டில் அவள் வாய்க்கு எட்டு ஊர் காணாது. பள்ளி வாசலைத் தாண்டினாலோ உதட்டுக்குப் பொத்தான் போட்டுவிடுவாள். பெயர் கூப்பிட்டால் கை மட்டும் உயரும். வகுப்பு டீச்சர் இந்த வருஷம் முழுக்க அவள் குரலைக் கேட்டதில்லை.

வாய் திறக்காத கடைக்கு யார் வருவார்கள்? செடி விற்காமல் அவள் அழுதுகொண்டு வீடு திரும்பினால் அடுத்த வருஷமும் வாய் திறந்த மாதிரிதான்.

சரக்கில் குறையே இல்லை. மகளின் மேசையில் இருந்த நாற்று பென்சில் கனத் தண்டும் கரும்பச்சை இலையுமாக நிமிர்ந்து நின்றது. நம்ம ரத்தமாச்சே, சோடை போகுமா என்று பூரித்துப்போனார்.

எது வாங்கப் போனாலும் முதலில் பக்கத்துக் கடையில் விலை கேட்பது அவர் வழக்கம். இன்று அதிலேயே ஒரு திட்டமும் இருந்தது. பக்கத்து மேசையில் சத்தமாகப் பேரம் பேசினால் கூட்டம் கூடும். கூடிய கூட்டம் மகளின் சரக்கையும் பார்க்கும். இந்த மூளைக்குப் பொத்தான் வியாபாரம் போதாது என்று அவருக்கே அவ்வப்போது தோன்றுவதுண்டு.

பக்கத்து மேசையில் ஓர் இரட்டைப் பின்னல்காரி. அவள் முன்னால் வண்ணத்தாள் சுற்றிய தகர டப்பாவில் ஒரு நோஞ்சான் நாற்று.

“தண்டு சோப்ளாங்கி. இலை மஞ்சப் பூத்துப்போச்சு. வளர்த்த கைக்குத் தண்ணி ஊத்தவே தெரியலம்மா. பத்து தரேன், அதுவே ஜாஸ்தி.”

“முடியாது அங்கிள்” என்றாள் பின்னல்காரி.

கூட்டம் கூடியது. அவர் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் முகம் சிவந்திருந்தது. அப்பாவை நினைத்து வெட்கப்படுகிறாள் போலும். படட்டும், வியாபாரத்தில் வெட்கம் பார்த்தால் முடியுமா?

கடைசி ஆயுதத்தை எடுத்தார். அதுதான் அவருடைய நடை. பையைத் தோளில் போட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, ‘உனக்குக் கொடுத்துவைக்கல’ என்கிற மாதிரி ஒரு திரும்பல். அந்த நடைக்கு மடங்காத மொத்த வியாபாரி கடைவீதியில் கிடையாது. நாலாவது அடியில் பின்னாலிருந்து கூப்பிட்டே தீருவார்கள்.

நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

பதிலுக்கு ஒரு குரல் கேட்டது. கணீரென்று, திடலுக்கே கேட்கும்படி.

“கூப்பிடாதடீ! சும்மா போற மாதிரி போவாரு. செருப்பைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சு திரும்பிப் பாப்பாரு. அப்பவும் கூப்பிடாத!”

அவர் அந்நேரம் குனிந்து செருப்பைத்தான் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

“இப்ப வருவாரு. வந்தா இருபத்தஞ்சு சொல்லு. செடியைத் திட்டினதுக்கு அஞ்சு!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைவீதியில் கொடிகட்டிப் பறந்தவர் திரும்பி வந்து இருபத்தைந்தை எண்ணி வைத்தார்.

மகளின் மேசையில் இருந்த நாற்றைப் பின்னல்காரியின் அம்மா வந்து, பேரமே பேசாமல், வாங்கிக்கொண்டு போனாள்.

டீச்சர் பூவாளியைக் கவிழ்த்தபடியே நின்றிருந்தாள். தண்ணீர் அவள் காலணியை நனைத்துக்கொண்டிருந்தது.

“சார், உங்க பொண்ணு பேசிட்டா” என்றாள்.

அவர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆனாலும் நாக்கு தன் வேலையைப் பார்த்தது. “எல்லாம் நம்ம ஏற்பாடுதான் மிஸ்.”

வீட்டில் அதையே மனைவியிடம் இன்னும் கொஞ்சம் ஜோடித்துச் சொன்னார். தோற்ற மாதிரி நடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்றார்.

“ஏங்க, இங்க பாருங்க” என்றாள் மனைவி. தண்ணீர் ஊறி டப்பாவின் வண்ணத்தாள் கழன்று வந்திருந்தது.

உள்ளே தகரத்தில் ஒரு சீட்டு. அவர் கையெழுத்து. ‘வெள்ளை, நாலு ஓட்டை, சட்டைக்கு.’

பொத்தானைக் கண்ணை மூடித் தொட்டே எந்த ஆலைச் சரக்கு என்று சொல்லிவிடுபவர், தன் கடை டப்பாவையே ஊர் பார்க்கப் பேரம் பேசி, ஐந்து கூடக் கொடுத்து, வீட்டுக்குச் சுமந்து வந்திருந்தார்.

மகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அளவாகத்தான்.

“இந்த நோஞ்சானை வேற யாருப்பா வாங்குவா? அதான் அவகிட்ட மாத்திக்கிட்டேன். மாத்தறதுக்கு ரெண்டு பென்சில் கேட்டா” என்றாள்.

“குடுத்தியா?”

“போற மாதிரி போனேன். ஒரே பென்சிலுக்கு முடிஞ்சுது.”