கைமணம்

"இவனை இப்படியே விட்டா ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரையும் பாடையில ஏத்திடுவான்!"

பள்ளி வாசலில் நின்ற பழ வண்டியை முதலில் பிடித்துத் தள்ளியவர் மம்மு அம்மாதான். பின்னால் திரண்டிருந்த பெற்றோர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வண்டி கவிழ்ந்து, நறுக்கி வைத்த தர்பூசணித் துண்டுகள் சாக்கடை ஓரம் சிதறின.

அந்த மழலையர் பள்ளியில் சமையல் அவருடையது. சாதத்தைக் கையால் குழையப் பிசைந்து, உருண்டை பிடித்து, கதை சொல்லிச் சொல்லி ஊட்டுவார். வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகூட அவரிடம் இன்னொரு உருண்டை கேட்கும். குழந்தைகள் வைத்த 'மம்மு அம்மா' என்ற பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பள்ளிக்குள்தான் டைபாய்டு புகுந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் காய்ச்சலில் சுருண்டார்கள். எல்லாரும் 'குட்டி' என்று கூப்பிடும் மூன்று வயதுச் சிறுமி, குடலில் ஓட்டை விழுந்து முந்தின நாள் இறந்துபோனாள்.

"அக்கா, சத்தியமா சொல்றேன். என் பொண்ணுக்கும் இதே பழத்தைத்தான் நறுக்கிக் குடுக்கிறேன்" என்று பழக்காரர் கும்பிட்டார்.

"உன் பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கா. எங்க குட்டி எங்கடா?"

யாரோ வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தூக்கி அவர் வலது கையின் மேல் போட்டார்கள். பழக்காரர் அலறியபோதும் மம்மு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஈ மொய்ச்சதை வித்த கைதானே, போகட்டும்" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு குட்டியின் அப்பா வந்து, மம்மு அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெத்தவங்க நாங்களே செய்யாததை நீங்க செஞ்சீங்கம்மா."

"எனக்கும் இந்தக் காய்ச்சல் வந்ததுப்பா, கல்யாணமான புதுசுல. எமன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். அந்த வலி எனக்குத் தெரியும்" என்று அவர் அழுதார்.

பழ வண்டி அதன் பிறகு வரவில்லை. காய்ச்சல் மட்டும் போகவில்லை. புதிது புதிதாகக் குழந்தைகள் படுத்தார்கள்.

மம்மு அம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனார். கண் விழித்துக் களைத்த தாய்மார்களைப் படுக்கச் சொல்லிவிட்டு, கஞ்சியில் விரலை விட்டுச் சூடு பார்த்து, கட்டில் கட்டிலாக ஊட்டினார். "உங்க கைராசிதான் இதுங்களை எழுப்பணும்" என்றார்கள் தாய்மார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா பள்ளிக்கு வந்தார். சமையல்கட்டில் கால் வைக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்து மலப் பரிசோதனைக்குக் கேட்டார். பால்காரர் முணுமுணுத்தார். மம்மு அம்மா மட்டும் முகம் சுளிக்கவில்லை.

"தாராளமா பாருங்க. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல. நோய்க்கே என்னைக் கண்டா ஆகாது" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மம்மு அம்மா ஒரு குழந்தையின் வாயருகே கரண்டியைக் கொண்டுபோனபோது, பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"கிண்ணத்தைக் கீழ வைங்கம்மா. கொஞ்சம் என்கூட வாங்க."

அறைக்குள் போனதும் டாக்டரம்மா கதவைச் சாத்தினார். "பழக்காரர்கிட்ட எல்லாத்தையும் சோதிச்சுட்டோம். பழம், தண்ணி, அவர் உடம்பு, எதுலயும் ஒன்னும் இல்ல. பாவம், இனிமே அவர் கை கத்தி பிடிக்காதாம்."

"அப்போ பால்காரனா? நான் அன்னைக்கே நெனச்சேன், முழிச்ச முழியே சரியில்ல. வாங்க, நாலு பேரைக் கூட்டிட்டுப் போய்..."

"பால்காரர் இல்லம்மா. நீங்க."

மம்மு அம்மா சிரித்தேவிட்டார். "நானா? எனக்கென்ன காய்ச்சலா அடிக்குது? தொட்டுத்தான் பாருங்களேன்" என்று கையை நீட்டினார். டாக்டரம்மா தொடவில்லை.

"உங்களுக்கு அன்னைக்கு வந்த காய்ச்சல் போயிடுச்சு. கிருமி போகல. பித்தப்பையில குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கு. உங்களை ஒன்னும் செய்யாது. கக்கூஸ் போயிட்டு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவீங்களா?"

"தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவுவேனே. சோப்பு வாசனை சோத்துல ஏறினா பிள்ளைங்க துப்பிடும்."

"அடுப்புல கொதிக்கும்போது கிருமி செத்துடும். இறக்கி வெச்ச பிறகு நீங்க கையால பிசையறீங்க இல்ல, அதுலதான் போகுது."

மம்மு அம்மா நீட்டிய கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. மருந்து இருக்கு. தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க? இனிமே சமையல் மட்டும் வேண்டாம்."

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. உதடுகள் மட்டும் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தன.

"டாக்டரம்மா... அந்தக் காய்ச்சல் வந்த நாள்லேர்ந்தே இது எனக்குள்ள இருக்குமா?"

"அன்னையிலேர்ந்தே இருக்கும்மா. ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க."