சிவந்த தண்ணீர்

"கிணத்துல என்னத்தைக் கலந்திய?"

ஊர்ப் பெரியவர் மாரிச்சாமியின் கையில் வேல்கம்பு இருந்தது. அவர் பின்னால் சுந்தரபாண்டியம் கிராமமே திரண்டு நின்றது. ஊரில் காலரா. உதவிக்கு வந்த மிஷன் காலேஜ் மாணவர்கள் ரத்தினமும் ஞானதுரையும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

"மருந்துதாங்க. பேதிக் கிருமியைக் கொல்லும்," என்றான் ரத்தினம்.

"மருந்துன்னா தண்ணி ஏன் ரத்தமாச் செவந்து கெடக்கு?" என்றாள் வெள்ளத்தாய். அவள் மகனை முந்தாநாள்தான் புதைத்திருந்தார்கள்.

"நானே குடிச்சுக் காட்டுதேன்." ரத்தினம் வாளியின் பக்கம் நகர்ந்தான்.

மாரிச்சாமி கம்பால் மறித்தார். "நீரு வேண்டாம். கலக்குனவரு குடிக்கட்டும். உச்சி வெயில் கிணத்துக்குள்ள விழுற மட்டும் இங்கனயே நிக்கட்டும். ஒண்ணும் ஆகலைன்னா ஊரு குடிக்கும். ஆச்சுன்னா ரெண்டு பேரும் வீடு போய்ச் சேர மாட்டிய."

மருந்தைக் கலக்கிய ஞானதுரை முன்னால் வந்தான். தன் செம்பில் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தான்.

நேரம் நகர மறுத்தது. ஞானதுரையின் முகம் வேர்த்து வழிந்தது. கிணற்றுத் தூணை இறுகப் பிடித்துக்கொண்டான். ரத்தினம் வாளித் தண்ணீரை எட்டிப் பார்த்தான். மருந்து கூடிப்போயிற்றோ?

"ஏலே, பயமா இருக்கா?" என்று காதோரம் கேட்டான்.

ஞானதுரை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "செத்த உக்காருங்க தம்பி," என்று யாரோ இரங்கிச் சொன்னதற்கும் வேண்டாமென்று தலையசைத்தான்.

ஒருவழியாக வெயில் கிணற்றுக்குள் இறங்கியது. மாரிச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கம்பு தாழ்ந்தது.

வெள்ளத்தாய்தான் முதலில் வாளியை இறக்கினாள். அவள் பின்னால் ஒவ்வொரு குடமாக வந்து சேர்ந்தது.

இருவரும் ஏறிய மாட்டுவண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையில் திரும்பியது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் கும்பிட்டார்கள்.

"தப்பிச்சோம்லே," என்று ரத்தினம் நண்பனின் கையைப் பிடித்தான். கை ஐஸாய்க் குளிர்ந்திருந்தது.

"விடியக்காலையிலேயே எனக்கு வாந்திபேதி கண்டுட்டுது, ரத்தினம்," என்றான் ஞானதுரை, உதடு மட்டும் அசைய. "இவிய கண்ணுல இருந்து மறையுற மட்டும் என்னைச் சாயவிடாத."